எத்தனை மானிகள் வேலை செய்கின்றன என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையம் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். 2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட 9.0 அளவிலான நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த சுனாமியும் அந்த நிலையத்தை எப்படிச் சிதைத்தன என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் மின்சாரம் போயிற்று, பம்புகள் நின்றன, எரிபொருள் உருகியது, பிறகு தண்ணீர் பாய்ச்சி நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள் என்று அவர் கதையை முடித்துவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. மின் நிலையம் ஒன்றில் கொதிகலன்களின் அளவுமானிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பம்புகளோடு சேர்ந்து அன்று மானிகளும் செத்துப்போயின என்பதையும், அந்த நிலையத்தின் பாதுகாப்பு இன்றுவரை மானிகளை நம்பியே இருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நிலநடுக்கம் தாக்கியதுமே, ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3ஆம் உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. மற்ற மூன்றும் பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. ஆனால் உலை நின்றது என்றால் அடுப்பு அணைந்தது என்று பொருளல்ல. அணுப்பிளவு நின்ற பிறகும், கதிரியக்கச் சிதைவினால், தொடக்கத்தில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் வரை வெளிவந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கழித்தும் அது அரை சதவீத அளவில் இருக்கும். 1,380 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட 1ஆம் உலையில் அந்த அரை சதவீதமே மணிக்கு ஏறத்தாழ 10 டன் தண்ணீரை ஆவியாக்கிவிடும். வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் முறைப்படி ஓடத் தொடங்கின. ஏறத்தாழ 50 நிமிடங்களில் வந்த அலை, 6 மீட்டருக்கும் குறைவாகவே எதிர்பார்க்கப்பட்டிருந்த அலை, வளாகத்தில் 14, 15 மீட்டர் உயரம் வரை ஏறி, அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. 1, 2ஆம் உலைகளுக்கு அவசரகால பேட்டரிகளும் போய்விட்டதால், இரண்டுக்கும் பொதுவான கட்டுப்பாட்டு அறை இருண்டது. சுவர் முழுக்க இருந்த மானிகளில் ஒன்றுகூட எதையும் காட்டவில்லை.

அங்கே இருந்தவர்கள் பேருந்துகளிலிருந்தும் கார்களிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றி வந்து, 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையில் கோத்து 24 வோல்ட் ஆக்கி, மானிப் பலகையின் பின்புறம் கம்பிகளை இணைத்து, டார்ச் வெளிச்சத்தில் நீர்மட்டத்தைப் படித்தார்கள். படித்த அளவுகளைப் பலகையின் மேலேயே மானிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தார்கள். பின்னாளில் வெளியான புகைப்படங்களில் அந்த எழுத்துகளைக் காணலாம். என் தொழிலைச் செய்த எவரும் அந்தப் படத்தைச் சலனமின்றிப் பார்க்க முடியாது. இரவு 9 மணி 19 நிமிடத்துக்கு 1ஆம் உலையின் மானி காட்டியது, எரிபொருளின் உச்சிக்கு மேல் 200 மில்லிமீட்டர் தண்ணீர். அது உண்மையாக இருந்திருந்தால் பெரிய ஆறுதல். ஆனால் அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனமே பின்னர் வெளியிட்ட கணிப்பின்படி, மாலை 6 மணி அளவிலேயே எரிபொருள் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. 7 மணிக்குள் அது சிதையவும் தொடங்கியிருந்தது.

மானி ஏன் பொய் சொன்னது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இவ்வகை நீர்மட்டமானி தண்ணீரை நேரடியாகப் பார்ப்பதில்லை. எரிபொருள் இருக்கும் உலைக்கலத்துக்கு வெளியே எப்போதும் நிரம்பியிருக்கும் ஒரு குழாயின் நீர் அழுத்தத்தையும், கலத்துக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டமாக மாற்றிக் காட்டுகிறது. வேறுபாடு குறைந்தால் கலத்தில் தண்ணீர் கூடியிருக்கிறது என்பது அதன் கணக்கு. சுற்றுப்புறம் கடும் வெப்பமாகி, அந்த ஒப்பீட்டுக் குழாயில் இருந்த தண்ணீரே கொதித்து ஆவியாகிவிட்டால், கலம் வற்றிக்கொண்டிருக்கும்போதும் மானி மட்டம் உயர்வதாகவே காட்டும். கொதிகலன்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கோளாறு புதிதல்ல. 2011 மே மாதம் பணியாளர்கள் 1ஆம் உலைக் கட்டடத்துக்குள் நுழைந்து மானியைச் சரிபார்த்தபோது, நீர்மட்டம் எரிபொருளின் உச்சியிலிருந்து 5 மீட்டருக்கும் கீழே இருந்தது தெரியவந்தது. எரிபொருள் தண்டுகளின் நீளமோ ஏறத்தாழ 4 மீட்டர்தான்.

ஒரு மானி பொய் சொல்வது பேரழிவல்ல. அதை மறுக்கும் வேறு மானிகளுக்கு உரிய இடம் தரப்படாததுதான் பேரழிவு. அதே இரவில் உலைக் கட்டடத்தின் கதிர்வீச்சு உயர்ந்து, 10 மணிக்குள் உள்ளே செல்லத் தடை விதிக்கப்பட்டது. நள்ளிரவை ஒட்டி, உலைக்கலத்தைச் சூழ்ந்திருக்கும் காப்புக்கலத்தின் அழுத்தத்தை அளந்தபோது அது வடிவமைப்பு வரம்பையும் தாண்டியிருந்தது. நீர்மட்டம் நலம் என்கிறது, அழுத்தமும் கதிர்வீச்சும் நலமில்லை என்கின்றன. மூன்றையும் தொடக்கத்திலிருந்தே அருகருகே வைத்துப் பார்க்க மின்சாரம் இருந்திருந்தால், விலைமதிப்பற்ற சில மணி நேரமாவது மிஞ்சியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தெற்கே 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புகுஷிமா டைனி நிலையத்தையும் அதே நிலநடுக்கமும் அலையும் தாக்கின. ஆனால் அங்கே ஒரேயொரு வெளி மின்பாதை தப்பியது. கட்டுப்பாட்டு அறையின் மானிகள் வேலை செய்துகொண்டிருந்தன. எந்த பம்பு போயிற்று, எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அறிந்து முடிவெடுக்க முடிந்ததால், ஏறத்தாழ 200 பேர் 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கனமான மின்கம்பியைக் கையால் இழுத்துப் போட்டு, மார்ச் 15ஆம் தேதிக்குள் நான்கு உலைகளையும் குளிர்நிலைக்குக் கொண்டுவந்தார்கள்.

2011 டிசம்பர் 16 அன்று ஜப்பான் அரசு டாய்ச்சி உலைகள் ‘குளிர் நிறுத்த நிலையை’ எட்டிவிட்டதாக அறிவித்ததைக் கட்டுரையாளர் முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொள்கிறார். கலத்தின் அடிப்பகுதி 100 டிகிரிக்குக் கீழே இருக்கிறது, கதிரியக்க வெளியேற்றம் கட்டுக்குள் இருக்கிறது என்பதே அந்த அறிவிப்பின் பொருள். அந்த 100 டிகிரியைச் சொன்னவையும் மானிகள்தான். இரண்டே மாதத்தில், 2012 பிப்ரவரியில், 2ஆம் உலையின் அடிப்பகுதியில் இருந்த ஒரு வெப்பமானி, பாதுகாப்புக்காக வைத்திருந்த 80 டிகிரி வரம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அச்சத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைக் கூட்டினார்கள். சோதித்துப் பார்த்தபோது பழுதானது மானிதான் என்று தெரிந்தது. இம்முறை நலமாக இருந்ததை நலமில்லை என்று காட்டியது. அதற்கு முன், 2011 நவம்பரில், அதே உலையின் வாயுவில், அணுப்பிளவில் உண்டாகும் செனான் தென்பட்டதும், தொடர்வினை மீண்டும் தொடங்கிவிட்டதோ என்று அதை அடக்கும் போரிக் அமிலம் செலுத்தினார்கள். அந்தச் செனான், தொடர்வினையின்றித் தானாகவே நிகழும் பிளவினால் வந்தது என்று பிறகு முடிவாயிற்று. 2013 மார்ச்சில் தற்காலிக மின்பலகை ஒன்றுக்குள் ஓர் எலி புகுந்து, பயன்படுத்திய எரிபொருளை வைத்திருக்கும் குளங்களின் குளிர்விப்பு ஒரு நாளுக்கும் மேலாகத் தடைப்பட்டது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்த ஏற்பாடு தற்காலிகமாகவே இருந்தது.

உருகி உறைந்த எரிபொருள் மூன்று உலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 880 டன் என்பது மதிப்பீடு. 2024 நவம்பரில் 2ஆம் உலையிலிருந்து முதன்முதலாக எடுக்கப்பட்டது ஒரு கிராமுக்கும் குறைவு. ஆகவே காவல் இன்னும் பல பத்தாண்டுகளுக்குத் தொடர வேண்டும், அதுவும் நிலநடுக்கம் ஓயாத கடற்கரையில். 2021 பிப்ரவரி 13 அன்று அங்கே 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது 1, 3ஆம் உலைகளின் காப்புக்கலங்களில் நீர்மட்டம் இறங்கியது. சேதமடைந்த 3ஆம் உலைக் கட்டடம் எப்படி ஆடுகிறது என்று அறிவதற்காகவே முந்தைய ஆண்டு பொருத்தப்பட்ட இரண்டு நில அதிர்வுமானிகளோ மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்தன. தெரிந்தும் சரிசெய்யாததால், அந்தக் கட்டடம் கண்ட பெரிய அதிர்வின் பதிவு கைவிட்டுப் போனது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்னும் தணியவில்லை. 1ஆம் உலையில் கலத்தைத் தாங்கும் பீடத்தின் கான்கிரீட் கரைந்து வெறும் கம்பிகள் தெரிவதை 2023இல் ரோபோ எடுத்த படங்கள் காட்டிய பின், அத்தகைய பதிவுகள் எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

வளாகத்துக்கு வெளியேயும் இதே நிலைதான். 2011இல் புகுஷிமா மாகாணத்தின் கதிர்வீச்சுக் கண்காணிப்பு நிலையங்களில் பெரும்பாலானவை மின்சாரமும் தொடர்பும் இழந்து முடங்கின. காற்று வடமேற்காக வீசிய நாள்களில் நமியே ஊரின் மக்கள் பலர் கதிரியக்க மேகம் சென்ற திசையிலேயே தஞ்சம் புகுந்திருந்தார்கள். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நீண்ட காலமாக நிறுத்தப்பட்டிருந்த ஷிகா அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள கண்காணிப்பு நிலையங்களில் 18 வரை தரவு அனுப்ப முடியாமல் போயின. உலைகள் ஓடாததால் ஆபத்து நேரவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. இனி எங்கே நிலநடுக்கம் ஏற்பட்டாலும், ‘அணுமின் நிலையத்தில் அசாதாரண நிலை எதுவும் இல்லை’ என்ற ஒற்றை வரி அறிக்கை சில மணி நேரத்தில் வந்துவிடும். அதை அப்படியே வெளியிட்டுவிடாமல், அந்த முடிவை எத்தனை மானிகளைப் பார்த்துச் சொல்கிறீர்கள், அவற்றுக்கு இப்போது மின்சாரம் எங்கிருந்து வருகிறது, ஒன்றையொன்று சரிபார்க்கும் வேறு அளவுகள் உள்ளனவா, அவற்றை நிலையத்தாரைத் தவிர வேறு யாராவது பார்க்க முடிகிறதா என்று தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். கிடைத்த விடைகளோடு, விடை கிடைக்காத கேள்விகளையும் சேர்த்தே அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்