குடிக்காதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லீரல் கொழுப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் மருத்துவக் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். குடியை விடுங்கள், எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் மரபணு என்ற ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுப்போகிறது.

என் கணவர் ஒல்லியானவர், மது பக்கமே போனதில்லை. ஸ்கேன் எடுத்த அன்று வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்து முடிப்பதற்குள் "மறைக்காம சொல்லுங்க, எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். இல்லை என்றார். நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார்கள். வீடு வந்து சேரும்வரை மனிதர் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவர் தம்பிக்கும் அதே ரிப்போர்ட் வந்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2008ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழுவினர் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அது உருவாக்கும் புரதத்தில் 148வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மாறிய அந்தப் புரதம் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, கொழுப்பு கரைவதையே தடுத்துவிடுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அதை வாங்கியவர்களுக்கு, வாங்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கல்லீரலில் கொழுப்பு இருந்தது.

எனக்கு நம்பவே முடியாமல் இருந்தது இன்னொன்று. டிஎம்6எஸ்எஃப்2 என்று ஒரு மரபணு. கல்லீரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்பும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. அதில் மாற்றம் இருந்தால் பொட்டலம் சரியாக வெளியே போகாது, கொழுப்பு கல்லீரலிலேயே தேங்கும். ஆனால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவதால் இதய நோய் வரும் வாய்ப்பும் குறைகிறது! கல்லீரலுக்குக் கெடுதலான அதே மாற்றம் இதயத்துக்கு நல்லது செய்கிறது.

அதனால் கல்லீரல் கொழுப்பு உள்ளவர்கள் இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு இது சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்தே வருகிறது, அப்படி வந்தவர்களின் உயிரை அதிகம் எடுப்பது கல்லீரல் அல்ல, இதய நோய்தான். கல்லீரலைத் தனியாகவும் இதயத்தைத் தனியாகவும் பார்க்க வேண்டும், ஒரு ஸ்கேனை வைத்து இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மரபணு என்றதும் தலையெழுத்து என்று கையை விரிப்பதும் தப்பு. உடல் எடை கூடக்கூட பிஎன்பிஎல்ஏ3 மாற்றத்தின் பாதிப்பும் கூடுகிறது. எடை குறைந்தால் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே குறைகிறது. என் கணவருக்கு எந்த மரபணு என்று நாங்கள் சோதிக்கவில்லை, அது தெரிந்தால்தான் சிகிச்சையைத் தொடங்க முடியும் என்றும் இல்லை. ஆனால் குடிகாரர் என்ற சந்தேகப் பார்வை அவருக்குத் தேவையே இல்லாதது.

அடுத்த முறை கட்டுரை போடும்போது, "எவ்வளவு குடிப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே "பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கல்லீரல் கொழுப்பு, சர்க்கரை, மாரடைப்பு உண்டா?" என்ற கேள்வியையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி