பெர்லினில் கண்டக்டர் கிடையாது, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் "அங்கே டிக்கெட் யாருப்பா குடுப்பாங்க?" என்று கேட்டீர்கள், பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. திண்டுக்கல் – வத்தலகுண்டு ரூட்டில் முப்பது வருடம் பை மாட்டி நின்றவரிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. இங்கே கண்டக்டரே கிடையாது.

பாதாள ரயிலுக்கு ஊ-பான் என்று பெயர், 1902-லிருந்து ஓடுகிறது. ஸ்டேஷனில் கேட் இல்லை, தடுப்பு இல்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை, நேராக இறங்கிப் போய் ஏறிக்கொள்ளலாம். மெஷினில் டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது, பிளாட்பாரத்தில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் அதை நுழைத்து நேரம் குத்த வேண்டும், குத்தாவிட்டால் வாங்கியும் வாங்காத கணக்குதான். எனக்கு இது தெரியாது. வந்த மூன்றாம் நாள், கதவு மூடியதும், சாதாரணச் சட்டை போட்டிருந்த இரண்டு பேர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்கள். நான் பெருமையாக டிக்கெட்டை நீட்டினேன். 60 யூரோ அபராதம்! செம்பட்டியில் செக்கர் ஏறியதும் டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸைத் தேடுவீர்களே, அன்றைக்கு என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இப்போது மாதப் பாஸ்தான். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2026-இல் 63 ஆனது. வேக ரயிலைத் தவிர ஜெர்மனி முழுக்க எந்த டவுன் பஸ், டிராம், உள்ளூர் ரயிலிலும் ஏறலாம், கணக்குப் பார்த்தால் லாபம்தான்.

நான் வேலைக்குப் போவது ஊ8 என்கிற வண்டியில். ஊர் நடுவே சுவர் வைத்து, கிழக்கு, மேற்கு என்று இரண்டாகக் கிடந்த காலத்தில் இந்த வண்டி மேற்கில் கிளம்பி, கிழக்கின் அடியில் புகுந்து, நடுவிலுள்ள ஸ்டேஷன்களில் நிற்காமல் மெதுவாக உருண்டு, மறுபடி மேற்கில் போய்ச் சேருமாம். இருட்டுப் பிளாட்பாரத்தில் காவலாளிகள் மட்டும் நிற்பார்களாம். சுவர் திறந்த இரண்டாம் நாளே, 1989 நவம்பர் 11-ஆம் தேதி, அப்படி மூடிக் கிடந்ததில் ஒன்றான யானோவிட்ஸ்ப்ரூக்கெ ஸ்டேஷனைத் திறந்துவிட்டார்கள். தினமும் அதைத் தாண்டிப் போகிறேன், இப்போது அங்கே வழக்கமான கூட்டம்தான்.

டாக்ஸி எல்லாம் வெளிர் மஞ்சள் நிறம். மீட்டர்தான், பேரமே கிடையாது (அம்மாவுக்கு இது பிடிக்காது). ஒரு வித்தை கற்றுக்கொண்டேன்: ஓடுகிற வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஏறும்போதே "குர்ட்ஸ்ட்ரெக்கெ" (குறுந்தூரம்) என்று சொல்லிவிட்டால் 2 கிலோமீட்டர் வரை ஒரே கட்டணம். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் இது செல்லாது. பெட்டியோடு மழையில் மாட்டிக்கொண்ட ஒரு ராத்திரி இதுதான் காப்பாற்றியது.

ரயில் கதவு மூடுவதற்கு முன் ஒரு குரல் "ட்சுருக்ப்ளைபென் பிட்டே" என்று தள்ளி நிற்கச் சொல்லும். எனக்கென்னவோ "ரைட், ரைட்" என்றுதான் கேட்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் வந்தால் 100-ஆம் நம்பர் டபுள் டெக்கரில் கூட்டிப் போகிறேன், மேலே முன் சீட்டில் உட்கார்ந்தால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். அங்கேயும் டிரைவர் ஒருத்தர்தான், அப்பா. பழக்க தோஷத்தில் விசில் அடித்துவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகன்