தேநீருக்குக் கெட்டில் வாங்கும்போது

ஆசிரியருக்கு,

எலெக்ட்ரிக் கெட்டில் வாங்குவோர் பலர் வாட்டையும் விலையையும் மட்டுமே பார்க்கிறார்கள். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தண்ணீரும் ஆவியும் படும் இடமெல்லாம், மூடியின் அடிப்பக்கம் உட்பட, ஸ்டீலாக இருப்பது நல்லது. கிரீன் டீ குடிப்பவர்கள் வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ளதையே வாங்கலாம். அதற்கு 75 முதல் 80 டிகிரி போதும், கொதிநீர் ஊற்றினால் கசக்கும்.

கொதித்தும் தானாக அணையவில்லையா? முதலில் மூடியைக் கவனியுங்கள். பெரும்பாலான கெட்டில்களில் ஆவி ஒரு சிறு துளை வழியே போய் ஸ்விட்சைச் சூடாக்கினால்தான் அது அணையும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் ஆவி வெளியே போய்விடும், தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும்.

சாதாரணக் கெட்டிலில் பால் காய்ச்சவே கூடாது. அடிப்பிடிக்கும், பொங்கி வழிந்தால் அடித்தட்டின் மின் இணைப்பில் இறங்கிவிடும்.