அறுந்து போகவேண்டிய கயிறு

மாப்ளே,

நாலு மாசமாகப் பதில் போடாததற்குத் திட்டுவதெல்லாம் ஆகஸ்ட் முடிந்த பிறகு வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால்தான் தகராறு, வாய் நன்றாகவே இருக்கிறது. நம் ஹாஸ்டல் ஒட்டடை, வீடு கட்டி முடித்துவிட்டானாம். கிரகப்பிரவேசத்துக்கு நம் இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

எழுத உட்கார்ந்தது, ஆகஸ்டில் நீங்கள் நாலு பேர் கலிபோர்னியா மலையில் ஐந்து நாள் சாமான் ஏற்றிப் போகிற பயணத்துக்கு முன் நீ அனுப்பிய படத்துக்காக. பண்ணைக்காரரின் குதிரையும் பின்னால் மூன்று கோவேறு கழுதைகளும் வரிசையாக நிற்கிற படம். கழுதைகளுக்கு நீ வைத்திருக்கிற பேர்களை வார்டன் கேட்டால் இந்த வயதிலும் உனக்கு மெஸ் கட் பண்ணுவார். அது இருக்கட்டும். இரண்டாவது கழுதையின் பிடிகயிறு முதல் கழுதையின் சேணத்தில் எப்படிக் கட்டியிருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார். கட்டைவிரல் தடிமன் நைலான் கயிறு, நேராகச் சேணத்து இரும்பு வளையத்தில், கிழவி முந்தானையில் காசு முடிந்த மாதிரி இறுக்கி ஒரு முடிச்சு. போனில் சொன்னால் "ம்ம், ம்ம்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பாக்கி எதை மறந்தாலும் மற, இந்தக் கயிற்றை மாற்றாமல் மலையேறாதே.

பொதி ஏற்றுகிறவர்கள் இதற்கென்றே ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள், பேர் பிக்டெய்ல். பன்றிவால்தான், சிரிக்காதே. சேணத்தின் மரச்சட்டம் இரண்டு பக்கமும் சமமாக இழுபடும்படி ஒரு கயிற்றை வளையமாகக் கட்டிப் பின்பக்கம் தொங்கவிடுவார்கள். அதன் நுனியில் கால் அங்குல மணிலாக் கயிற்றில், அதாவது சுமார் 6 மில்லிமீட்டரில், ஒரு சின்ன வளையம். பின்னால் வருகிற கழுதையின் பிடிகயிறு அந்தச் சின்ன வளையத்தில்தான் கட்டப்படும். மூன்றும் ஒழுங்காக நடந்து வரும்வரை அது தாங்கும். ஒன்று சறுக்கி விழுந்து தன் முழு எடையோடு இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அறுவதற்காகவே கட்டுகிற கயிறு அது. பாதையோரம் ஒரு கழுதை கால் தவறிச் சரிந்தால் 450 கிலோ உடம்பும் அறுபது கிலோ பொதியும் சேர்ந்து கீழே இழுக்கும். உன் நைலான் அறாது. முன்னால் நிற்பது பின்பக்கமாக இழுபடும், அதற்கு முன்னால் நிற்பதும் கூடவே போகும். ஒன்றை இழக்கவேண்டிய இடத்தில் மூன்றை இழப்பாய், குதிரைமேல் இருப்பவரையும் சேர்த்து.

மணிலா கிடைக்காவிட்டால் சைசல் நார்க்கயிறு. வைக்கோல் கட்டுகிற பிளாஸ்டிக் கயிற்றை நம்பாதே. பார்க்க நூல் மாதிரி இருக்கும், கழுதை இழுத்தாலும் எளிதில் அறாது. நார்க்கயிறும் ஈரத்திலும் வெயிலிலும் நைந்து தேவையில்லாத இடத்தில் அறும், ஆகவே சட்டைப்பையில் நாலைந்து துண்டு வெட்டி வைத்துக்கொள். பண்ணைக்காரரிடம் பிக்டெய்ல் என்று கேட்டுப் பார், கொட்டகையில் ஏதாவது ஒரு ஆணியில் தொங்கும். உன்னோடு அவர் வரவில்லை என்றாலும் கிளம்புவதற்கு முன் ஒரு பகல் முழுக்க அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றி இறக்கிப் பழகு. யூடியூப் பார்த்துச் சினை ஊசி போடக் கற்றுக்கொண்டவனை, கால்நடை டாக்டரான நீ கிளினிக்கில் சேர்ப்பாயா?

பிடிகயிற்றின் நீளமும் முக்கியம். கழுதை தலையைத் தாழ்த்திப் பாதையைப் பார்க்கவேண்டும், அந்த அளவுக்குத் தளர்ச்சி வேண்டும். முழங்காலுக்குக் கீழே தொங்கினால் முன்காலைக் கயிற்றுக்கு மேலே போட்டுவிடும், அங்கிருந்து தொடங்கும் கூத்து. வரிசையில் மெதுவாக நடப்பது முன்னே, உதைக்கிறது கடைசியில். பண்ணைக்காரர் தந்திருப்பது பெண்குதிரை என்றால் யோகம்தான். கோவேறு கழுதைக்குப் பெண்குதிரை என்றால் அம்மா மாதிரி. கழுத்தில் ஒரு மணியைக் கட்டி இரவில் அதை மட்டும் பிடித்து வைத்தால் மற்றவை அதிக தூரம் போகாது. ஆண்கழுதை அப்பா, பெண்குதிரை அம்மா, 63 குரோமோசோம். இதை வைவாவில் நீ மாற்றிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இனி பாரம். உயிருள்ள ஆள் குதிரைமேல் உட்கார்ந்தால் குலுங்கலுக்கு ஏற்ப அசைந்து கொடுப்பான், பொதி கொடுக்காது. 450 கிலோ கழுதைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 90 கிலோ என்று கணக்கு. அதில் சேணம், விரிப்பு, பெட்டி, தார்ப்பாய், கயிறு எல்லாம் அடக்கம். அவற்றைக் கழித்தால் சாமானுக்கு மிஞ்சுவது அறுபது, அறுபத்தைந்து. அமெரிக்கர்கள் 150 பவுண்டு என்று சொல்கிற வழக்கமான அளவும் கிட்டத்தட்ட இதுதான். உன் மூன்றில் நடுவில் நிற்கிறது சின்னது, அதற்கு ஐம்பது போதும்.

மொத்தத்தைவிட இரண்டு பக்கமும் ஒத்திருப்பதுதான் கண்டிப்பு. ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கு. பெட்டி பெட்டியாக, தினம் காலையில், எடை போடு. கண் மதிப்பு வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேணம் கனமான பக்கம் சாயும். சாய்ந்தது முதுகெலும்பின் மேட்டில் உராயும், மத்தியானத்துக்குள் புண். வழியில் சாய்வதைக் கண்டால் இலேசான பக்கத்தில் ஒரு கல்லைப் போடு. அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் பிரித்துச் சரியாகக் கட்டு, இல்லாவிட்டால் ஊர்வரைக்கும் கல் சுமக்கும். கனமானவை பெட்டியின் அடியில், உடம்பை ஒட்டி. கூர்முனை எதுவும் விலாப்பக்கம் வரக்கூடாது. கடகடவென்று சத்தம் வருகிற சாமானைத் துணியில் சுற்று. தகர டம்ளர் சத்தத்துக்கே ஒன்று மிரண்டால் மூன்றும் மிரளும்.

பெரும்பாணாற்றுப்படையில் மிளகு சுமக்கும் கழுதைக் கூட்டம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? பொதி இரண்டு பக்கமும் ஒத்த பாரம் என்பதைப் 'புணர்ப்பொறை' என்கிறது பாட்டு. அதே வரியிலேயே முதுகில் ஆழமான வடு. எவ்வளவு ஒத்துக் கட்டினாலும் புண் வருகிறது என்று ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் புண்ணைத் தவிர்க்க: சேணம் போடுமுன் முதுகை நன்றாகத் தேய். ஒரு முள்விதை போதும், மாலைக்குள் கொப்புளம். விரிப்பைக் கழுத்துப் பக்கமாக முன்னே வைத்துப் பின்னே இழு, முடி படிந்து உட்காரும். தோள்பட்டை எலும்பு அசைய இடம்விட்டுச் சேணம் அதற்குப் பின்னால். விரிப்பின் நடுவைச் சேணத்தின் குழிக்குள் கொஞ்சம் தூக்கிவிடு, காற்று போகட்டும். வயிற்றுப்பட்டியை ஒரே மூச்சில் இறுக்காதே. வயிற்றை உப்பிக்கொண்டு உன்னை ஏமாற்றும். இறுக்கு, பத்தடி நடத்து, மறுபடி இறுக்கு. கிளம்பிக் கால்மணி நேரத்தில் நிறுத்தி மூன்றையும் மீண்டும் பார்த்தே ஆகவேண்டும். முதல் நாள் கவிழ்கிற பொதிகளில் பல இந்த நிறுத்தத்தைத் தவிர்த்ததால்தான். ஏற்றத்தில் சேணம் பின்னே நழுவாமல் மார்புப்பட்டி பிடிக்கும், இறக்கத்தில் தோளில் ஏறாமல் பின்தொடைப் பட்டி பிடிக்கும். படத்தில் பின்தொடைப் பட்டி கழுதையின் பிருஷ்டத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கை நுழையத் தளர்த்து.

பெட்டிகளை இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்கி மாட்டுங்கள், இறக்கும்போதும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் சேணம் வயிற்றுக்கு அடியில் உருண்டு போகும். அப்புறம் கழுதை ஆடுகிற பரதநாட்டியத்தைப் படம் எடுத்து அனுப்பத் தேவையில்லை. மேல்மூட்டை தாழ்வாக இருக்கட்டும், தார்ப்பாய் போர்த்திக் கட்டு. டயமண்ட் முடிச்சு போடவேண்டும் என்று ஆசைப்படுகிறாய். போட்டோவுக்கு அழகுதான், ஆனால் பெட்டிகளுக்கு எளிதான பாக்ஸ் முடிச்சே போதும். எந்த முடிச்சானாலும் கடைசிச் சுற்று ஒரே இழுப்பில் அவிழவேண்டும். விழுந்த கழுதைமேல் உட்கார்ந்து நகத்தால் முடிச்சைப் பிய்க்க நேரம் இருக்காது.

தீவனக் கணக்கை நீ போடவே இல்லை என்று நினைக்கிறேன். உடல் எடையில் இரண்டு சதவீதம் என்றால் ஒரு உருப்படிக்கு நாளுக்கு 9 கிலோ. நாலு உருப்படி, ஐந்து நாள், 180 கிலோ. மூன்று கழுதையும் தங்கள் சாப்பாட்டை மட்டும் சுமந்தாலே கணக்குச் சரியாகிவிடும், நீங்கள் நாலு பேரும் பட்டினி. அதனால் மேய்ச்சல்தான் ஆதாரம். மேலதிகமாகத் தலைக்கு இரண்டரைக் கிலோ குதிரைமசால் தீவன வில்லை எடு, மொத்தம் 50 கிலோ. அதுவே ஒரு கழுதைப் பாரம். சின்னதற்கு அதைக் கொடு, தினமும் குறைந்துகொண்டே வரும். வில்லைக்குப் பத்து நாள் முன்பே பழக்கு. திடீர் மாற்றத்தால் வருகிற வயிற்றுச் சூலை பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, பூனை நகம் வெட்டி வெட்டி மறந்திருந்தால் தவிர. களைவிதை இல்லை என்று சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கு. எந்தப் புல்வெளியை எந்தத் தேதியிலிருந்து மேய்க்கலாம் என்று நீங்கள் போகிற கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா, பனியும் ஈரமும் பார்த்து, வருஷாவருஷம் சொல்லும். கேட்டுவிட்டுப் போ. அனுமதிச் சீட்டில் நாலு உருப்படியையும் எழுதினாயா?

மனிதர்களுக்கு ஆளுக்கு நாளைக்கு 800 கிராம் உலர் சாமான், மொத்தம் 16 கிலோ. கரடி திறக்க முடியாத, பூங்கா ஒப்புக்கொண்ட அலுமினியப் பெட்டியில். இரும்புத் தோசைக்கல்லை வீட்டில் வை. குக்கரை மட்டும் விட்டுவிடாதே. 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், துவரம்பருப்பு பாறையாகவே இருக்கும்.

இரவில் மரத்தில் நேராகக் கட்டாதே. பட்டையைக் கடிக்கும், வேரைக் கிளறும். தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி, கல்லாந்தரையில், இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேலே விறைப்பாக ஒரு கயிறு. மரத்தில் நாலு விரல் அகலப் பட்டி சுற்றி அதில் கட்டு. மூன்று மீட்டருக்கு ஒன்றாக நிறுத்து, மூக்கு தரையை எட்டக் கொஞ்சம்தான் குறையவேண்டும். மேயவிடும்போது முன்கால் தளை. தளை போட்டுக்கொண்டே தத்தித் தத்தி ஒரு மைல் போகிறவை உண்டு என்பதால் வீட்டிலேயே பழக்கிப் பார். மாலையில் சேணத்தை உடனே உருவாதே. பட்டியைத் தளர்த்திப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு எடு. வியர்வை நனைந்த முதுகில் எங்காவது காய்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். நாளைக்குப் புண், அடுத்த வருஷம் வெள்ளை முடி.

நீங்கள் தாண்டப்போகிற பிஷப் பாஸ் கணவாய் 11,972 அடி. சவுத் லேக் ஏரியிலிருந்து ஏறுகிறீர்கள், மேலே கடைசிப் பகுதி பாறைப் படிகளும் கொண்டை ஊசி வளைவுகளும். இங்கேதான் திரும்பக் கயிற்றுக்கு வருகிறேன். வளைவில் குதிரையை அகலமாகத் திருப்பு. உள்மடிப்பில் சுருக்கினால் கடைசிக் கழுதை பாதையை விட்டு மூலை வெட்டும். ரொம்ப மோசமான இடம் என்று தோன்றினால் மூன்றையும் அவிழ்த்துவிடு, பிடிகயிற்றைக் கழுத்தில் சுற்றிக் கட்டிவிட்டு. பெண்குதிரை முன்னே போனால் பின்னாலேயே வரும், கால் எங்கே வைப்பது என்று உன்னைவிட அதற்குத் தெரியும். ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும், ஆகவே 11 மணிக்குள் உச்சியைத் தாண்டு. எதிரே நடந்து வருகிறவர்களைச் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று பேசச் சொல். மேலே அசையாமல் நிற்கிற மூட்டை தூக்கிய மனிதன் கழுதை கண்ணுக்குச் சிறுத்தை. ஆகஸ்ட் கடைசியில் மண்ணுக்குள் குளவிக் கூடும் உண்டு. முதல் குதிரை மிதித்துக் கிளப்பும், கொட்டு வாங்குவது கடைசிக் கழுதை. அந்த நிமிஷம் நைலான் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று மறுபடி எழுதவேண்டாம்.

லாடத்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அடிக்கச் சொல். முந்தின நாள் வேண்டாம், ஆணி நெருக்கிக் குத்தியிருந்தால் இரண்டு மூன்று நாளில்தான் நொண்டும். லாடம் கழன்றால் குளம்பில் மாட்ட ஒரு ரப்பர் பூட்ஸ், அளவு பார்த்து.

வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு படம் அனுப்பு. கழுதை மூஞ்சி வேண்டாம், உன் மூஞ்சியும் வேண்டாம். முடிச்சு மட்டும்.

உன்
கட்டை

பி.கு.: தராசு வாங்கினால் பவுண்டு, கிலோ இரண்டும் உள்ளதாக வாங்கு. உன் வாய்க்கணக்கை மெஸ் பில்லிலேயே பார்த்தவன் நான்.