கட்டைவிரல் ஒரு ரூபாயும் பூ போட்ட இரண்டு ரூபாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்பாடியில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கல்லாவில் உட்காருபவர் கண்புரை முற்றிய என் மாமனார். சில்லறையைத் தடவியே எண்ணிவிடுவார். அவருக்கே தண்ணி காட்டுவது ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும்தான்.

2007 முதல் பரதநாட்டிய முத்திரை போட்ட நாணயங்கள் வந்தன. ஐம்பது காசில் மூடிய கை, ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுத்தறியாதவரும் விரலை எண்ணிக்கொள்ளலாம், நல்ல யோசனை. 2011-இல் ரூபாய்க் குறியோடு பூ வேலைப்பாடு வந்தது. அந்த இரண்டு ரூபாயும் பழைய கட்டைவிரல் ஒரு ரூபாயும் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம் எடை. இரண்டும் எவர்சில்வர். கண் தெரிகிறவர்களே டீ குடிக்கிற அவசரத்தில் மாற்றிக் கொடுக்கிறார்கள் (எனக்கு நஷ்டமாகும்போது மட்டும் கண்டுபிடிக்கிறேன், அது வேறு விஷயம்).

நம் பக்கத்துக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டில் புழங்கிய ஆற்காடு ரூபாயை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் அடித்தார்கள். இரண்டிலும் ஊர்ப்பெயர் ஆற்காடு. சென்னைக் காசில் தாமரை, புதுச்சேரிக் காசில் பிறை. படம் அன்று அழகுக்காக இல்லை, ஆளை அடையாளம் காட்டுவதற்காக.

2019-இல் அறிவித்த கதிர் போட்ட வரிசை, பார்வையற்றோரையும் நினைத்துச் செய்தது. ஒரு ரூபாய் 20 மி.மீ., இரண்டு 23, ஐந்து 25, பத்து 27. இருபதும் 27தான், ஆனால் பன்னிரண்டு பக்கம். மாமனார் விளிம்பைத் தொட்டதுமே "இருபது" என்பார். ஐந்து ரூபாய் மட்டும் மறுபடி அதே 25-இல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, நிறம் மஞ்சள், எடையும் கூட.

பிரிட்டனில் 2023-இல் அணில், தேனீ, சால்மன் மீன் என்று படம் போட்டு, எண்ணைப் பெரிதாகப் பொறித்தார்கள். இங்கேயும் அடுத்த வரிசையில் ஆளுக்கொரு படம் கேட்பார்கள். 1806 ஜூலை 10-இல் நடந்த சிப்பாய்ப் புரட்சியை நினைத்து எங்கள் வேலூர்க் கோட்டையைப் போடச் சொல்லி நானே கேட்பேன். ஆனால் பத்து ரூபாய்க்கு 14 வடிவங்கள், எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்லியும், "இது செல்லாதுண்ணா" என்று திருப்பித் தருபவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். புதுப் படம் வரும்போது மாதிரியைப் பேருந்து நிலையத்தில் பெரிதாக ஒட்டி வைக்கட்டும்.

அதைவிட முக்கியம், 25 மி.மீ. ஒரு ரூபாய் வங்கிக்கு வரும்போது அதைத் திரும்ப வெளியே விடாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோட்டை அப்புறம் வரட்டும்.

இப்படிக்கு,
பெட்டிக்கடைக்காரர்,
காட்பாடி