புளியரை ரோடு ஸ்டேஷனைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

செங்கோட்டைக்கு மேற்கே, வண்டி மலை ஏறத் தொடங்குவதற்கு முன்னால், வயலும் தென்னையுமாகக் கிடக்கிற ஊர் புளியரை. புளியரை ரோடு என்ற ரயில் நிலையம் மட்டும் எந்த வரைபடத்திலும் கிடையாது. அது நாங்கள் கையால் செய்த மாதிரி ரயில் நிலையம், சென்னை ஆதம்பாக்கத்தில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், இரண்டு பலகைகள்.

இந்த நவராத்திரிக்குத்தான் முதல்முறையாக அதை வெளியே எடுத்துக் கொலுப்படிக்குப் பக்கத்தில் வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் "எல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டிவிட்டேன், ஒன்பது நாளும். அதற்குப் பிராயச்சித்தமாக இந்த மடல்.

எனக்கு அத்தை வீடு புனலூர். பள்ளி லீவு விட்டதும் செங்கோட்டையில் மீட்டர் கேஜ் (குறுகல் பாதை) வண்டி ஏறுவோம். முன்னால் ஒரு இன்ஜின், தள்ளிவிட பின்னால் ஒன்று. ஆரியங்காவு குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் "ஹோ" என்று கத்துவோம். 1904இல் திறந்த பாதை. செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ச் சீமையில்தான் இருந்தது என்பதால், மலை தாண்டிப் போவது எங்கள் வீட்டுக் கிழவிகளுக்கு வெளியூர்ப் பயணமே இல்லை. 2010 செப்டம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மீட்டர் கேஜ் நின்றது. அகலப் பாதையில் வண்டி ஓட 2018 ஆயிற்று. இப்போதும் அந்த வழியே போகிறேன். வண்டி வேகம், இருக்கை சுகம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் கத்தின ரயில் அதுவல்ல.

அதனால் அந்தப் பாதையில் இருக்கிற பகவதிபுரம் ஸ்டேஷனை அப்படியே செய்துவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் நடக்கிற காரியமா? உண்மையான ஸ்டேஷன் என்றால் உண்மையான நீளம் வேண்டும். கற்பனை ஸ்டேஷன் என்றால் யாரும் டேப் வைத்து அளக்க வரமாட்டார்கள். இந்தத் தந்திரத்தைச் சொல்லித் தந்தது என் தங்கை. "ஊர் பேரை மாத்திரு. அப்புறம் உன் இஷ்டம்." முதல் நன்றி அவளுக்கு.

அந்தப் பாதையின் பதிமூணு கண் பாலம் எங்கே என்று கேட்ட சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலம் நூறு மீட்டருக்கு மேல் நீளம். 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அதற்கே ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். பாலம் வேண்டுமென்றால் ஸ்டேஷன் கிடையாது.

87இல் ஒரு பங்கு என்ற அளவு முடிவானது கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பியால். மீட்டர் கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1000 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வருகிறது. கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் தண்டவாளம். அரை மில்லிமீட்டர் பொய்யைக் கண் பொறுத்துக்கொள்ளும். 9 மில்லிமீட்டர் பாதை போட்டால் இன்னும் சின்னதாக அடக்கலாம், செலவும் குறையும் என்று நான் ஆசைப்பட்டேன். "அண்ணா, அதுல கைகாட்டி கம்பி உங்க கண்ணுக்கே தெரியாது" என்றான். எனக்கு நாற்பத்தெட்டு வயது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வண்டியை இழுத்த வொய்டிஎம்4 என்ற டீசல் இன்ஜினை இந்த அளவில் நாங்கள் தேடியவரை யாரும் செய்து விற்கவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து, முப்பரிமாண அச்சில் வார்த்து, மூன்று முறை தப்பாகி, நான்காவது முறை அந்த நீளமான மூக்கும் பக்கவாட்டு நடைபாதையும் சரியாக வந்தபோது இரவு பதினொரு மணிக்குப் போட்டோ அனுப்பினான் தம்பி. உள்ளே ஓடும் மோட்டாரும் சக்கரமும் ஜெர்மானியச் சரக்கு. அங்கே மாதிரி ரயிலுக்கு டிடி (TT) என்றொரு அளவு உண்டு. வண்டி 120இல் ஒரு பங்கு, பாதை அதே 12 மில்லிமீட்டர். பிராங்க்பர்ட்டில் இருக்கும் மச்சினன் பழைய இன்ஜின் இரண்டை வாங்கி, சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். ஜெர்மன் உடம்பு, பொன்மலை ரயில் பட்டறைச் சட்டை. ஓடுகிறது.

கணக்கு இடித்தது அதற்கப்புறம். இன்ஜின் ஒன்று 18 சென்டிமீட்டர். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்றால் 36. பெட்டி ஒன்றுக்கு 22 வைத்து இரண்டு பெட்டி மாட்டினால் மொத்தம் 80. வண்டி ஒதுங்கி நிற்கிற பக்கப் பாதையான என் லூப் லைனில் இருப்பதோ 75. தள்ளும் இன்ஜினை விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது இல்லாமல் எனக்கு அந்தப் பாதையே இல்லை. கடைசியில் பெட்டிக்கு இரண்டு ஜன்னலைக் குறைத்து 19 ஆக்கினோம். இப்போது வண்டி 74, ஒரு சென்டிமீட்டர் மிச்சம். ஜன்னல் குறைவதை இதுவரை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஆசாரி அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது. மலிவாகக் கிடைத்த பலகையில் முதலில் நானே அடித்தேன். ஐப்பசி மழையில் அது அப்பளம் மாதிரி வளைந்தது. தண்டவாளமும் கூடவே வளைந்தது. அவர் வந்து பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மரைன் ப்ளைவுட்டில் இரண்டு பலகை அறுத்து, அடியில் சட்டம் கோத்து, இரண்டும் சேருமிடத்தில் முளையும் குழியும் வைத்துக் கொடுத்தார். கழற்றி எத்தனை முறை மாட்டினாலும் தண்டவாளம் நேருக்கு நேர் வந்து நிற்கிறது. விளிம்பில் பித்தளைத் திருகாணி இறக்கி, தண்டவாள முனையை அதன் தலையில் ஈயப் பற்று வைக்கச் சொன்னது டிவி மெக்கானிக் பாய். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற பாயிண்டின் நடுவில் சக்கரம் ஏறும்போதெல்லாம் ஷார்ட் ஆகி வண்டி செத்துப்போகும். அந்த நோயைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ப்ளஸ்ஸும் மைனஸும் அங்கே முகத்தோடு முகம் பார்த்துக்கொள்கின்றன. பாதை மாறும்போது அந்த நடுத்துண்டின் கரண்டும் மாறவேண்டும். பாயிண்டை இழுக்கும் சின்ன மோட்டாரோடு ஒரு சுவிட்சைக் கோத்து முடித்தார். டீக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை.

இனி ஸ்டேஷன் மாஸ்டர் சார்.

மாமனாரோடு காலையில் நடக்கப் போகிறவர், தென்மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா பார்க்கத்தான் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தவர், "தம்பி, இது கைகாட்டியா கொடிக்கம்பமா?" என்றார். வண்டியை ஸ்டேஷனுக்குள் விடுகிற ஹோம் சிக்னலில் மெயின் லைனுக்கும் லூப்புக்கும் இரண்டு கையையும் ஒரே உயரத்தில் வைத்திருந்தேன். மெயின் லைன் கை உயரமாக இருக்கவேண்டுமாம். டிரைவர் தூரத்திலிருந்தே எந்தக் கை விழுந்திருக்கிறது என்று பார்த்து, தான் எந்தப் பாதையில் போகிறோம் என்று தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். முன்னால் வரும் சிக்னலைப் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கிற, மீன்வால் மாதிரி வெட்டுள்ள வார்னர் கையைத் தனிக் கம்பத்தில் நட்டிருந்தேன். அதைப் பிடுங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே முதலில் வருகிற அவுட்டர் சிக்னல் கம்பத்திலேயே, அவுட்டர் கைக்குக் கீழே வைக்கச் சொன்னார். கையின் முன்பக்கம் சிவப்பில் வெள்ளைக் கோடு, பின்பக்கம் வெள்ளையில் கறுப்புக் கோடு. பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "நான் பார்ப்பேன்" என்றார்.

அதோடு விட்டாரா? டோக்கன் இல்லாமல் வண்டியை விடுவது அவருக்குச் சகிக்கவில்லை. ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் இங்கே கருவியிலிருந்து இரும்புக் குண்டு வெளியே வரும். அந்தக் குண்டைத் தோல்பையில் போட்டு வளையத்தோடு டிரைவர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரலாம். அது அடுத்த ஸ்டேஷன் கருவிக்குள் விழுகிறவரை இன்னொரு குண்டு வெளியே வராது, இன்னொரு வண்டியும் நடுவே நுழையாது. அவர் சைக்கிள் கடையிலிருந்து பேரிங் குண்டு வாங்கிவந்தார். பாதையின் இரண்டு முனையிலும் வண்டி ஒளிந்துகொள்ளும் பலகைகள் உண்டு (அதில் ஒன்று எங்கள் இஸ்திரிப் பலகை). அங்கே ஒருவர், ஸ்டேஷனில் ஒருவர். குண்டு கைமாறாமல், வண்டியை ஓட்டுகிற ரெகுலேட்டரைத் தொடக்கூடாது. பிளாட்பாரத்தில் நிற்கும் குட்டி மனிதரின் கையில்கூட ஃப்யூஸ் கம்பியை வளைத்து ஏழு மில்லிமீட்டர் வளையம் ஒன்றை மாட்டிவிட்டார், எழுபது வயதில், கை நடுங்காமல்.

மரங்கள் அம்மாவின் உபயம். பொங்கலுக்குக் காப்புக் கட்டின சிறுபீளையைத் தூக்கிப் போடாமல் காயவைத்திருந்தாள். கொத்துக் கொத்தாகச் சேர்த்து, சாயம் ஏற்றின மரத்தூளைத் தூவினால் புளியமரமாகிவிடுகிறது. ஜல்லி, டீ வடிகட்டியில் சலித்த எம்சாண்ட். ஃபெவிகாலைத் தண்ணீராகக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுச் சேர்த்து, இங்க் பில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டது கீழ்வீட்டு அக்காவின் மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், என்னைவிடப் பொறுமைசாலி. வடிகட்டி போனதற்கு என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. இஸ்திரிப் பலகைக்கும்தான். இரண்டு வருடம் வீட்டில் ஃபெவிகால் வாசனையோடு சாப்பிட்டவளுக்கு இந்த ஒரு வரி போதாது என்று தெரியும்.

பின்னால் தெரியும் மலை, செங்கோட்டையில் கடைப் பலகை எழுதுகிற என் வகுப்புத் தோழன் வரைந்தது. அழகான நீல வானம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். "சாரல் மாசத்துல மலை தெரியுமாடே?" என்று பாதி மலையை மேகத்தால் அழித்துவிட்டான். அவன் செய்ததுதான் சரி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழியில் 'புளியரை ரோடு' என்று எழுதியதும் அவனே. தமிழ் எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்.

கொலுவின் ஆறாம் நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். கீழ்வீட்டுப் பெண் ஸ்டேஷனில், என் மகன் ஆரியங்காவு முனையில். வண்டி தயார், கை விழுந்துவிட்டது, குண்டைக் காணோம். பாயைத் தூக்கினோம், படிக்கு அடியில் டார்ச் அடித்தோம். கூடம் நிறையப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் சுண்டல். சும்மா விட்டுவிடலாமே என்று நான் ரெகுலேட்டரில் கை வைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் சார் எழுந்து வந்து என் கையை எடுத்துவிட்டார். டோக்கன் பழுதானால் அதற்கும் ரூல் இருக்கிறதாம். எழுத்தில் லைன் கிளியர் கொடுக்கவேண்டும். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, சுண்டல் மடித்த காகிதத்தை நீவி, எண்ணெய் படாத மூலையில் வண்டி, நேரம், இந்த ஸ்டேஷன், அடுத்த ஸ்டேஷன் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை என் மகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.

குண்டு மறுநாள் செட்டியார் பொம்மையின் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. அந்தக் காகிதத்தை ஸ்டேஷன் கட்டடத்தின் அடியில், பலகையின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

லூப் லைனிலிருந்து வண்டியைப் புறப்பட விடுகிற ஸ்டார்ட்டர் சிக்னலின் கை இன்னும் பாதியில் சிக்குகிறது. பாய், ஞாயிற்றுக்கிழமை முடியுமா?

நன்றியுடன்,
புளியரை ரோடு ஸ்டேஷனில் கூட்டிப் பெருக்குகிறவன்