விரலியிலிருந்து மீட்ட மழைக் கணக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பா,

இங்கே அனைவரும் நலம். உன் வீட்டிலும் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தமிழ்ப்பள்ளித் திடலோரம் நாம் நிறுத்திய வானிலை நிலையத்தின் மழை அளவை ஏன் சில வாரங்களாக அனுப்பவில்லை என்று கேட்டிருந்தாய். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைமானியும் காற்றுமானியும் இன்றுவரை சரியாகவே வேலை செய்கின்றன. பழுதானது, அவற்றின் கணக்கையெல்லாம் சேர்த்து வைத்திருந்த விரலிதான் (பென்டிரைவ்). பெரும்பகுதியை மீட்டுவிட்டேன். எஞ்சிய பகுதிக்கு உன் உதவி தேவைப்படுவதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

அக்டோபர் மாதத்துப் பிற்பகல் இடிமழை இங்கே எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படியொரு மழையில் மின்சாரம் நின்று, வந்து, மறுபடியும் நின்றது. அதன்பின் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி எழுந்துகொண்டாலும், நிலையத்தின் அளவுகளைச் சேமிக்கும் வீவெக்ஸ் மென்பொருளால் விரலியிலிருந்த தன் தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை. திரை முழுவதும் வாசிப்புப் பிழைகளே வரிசையாக ஓடின. பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் ஒருவர், புதிய விரலியைச் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாமே என்றார். இன்னொருவர், இதையே ஃபார்மெட் செய்துவிட்டு மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இரண்டுக்கும் நான் இணங்கவில்லை. ஃபார்மெட் செய்வதென்றால் விரலியின்மீது புதிதாக எழுதுவது. செத்துக்கொண்டிருக்கும் ஒரு விரலியின்மீது எதையும் எழுதக் கூடாது.

முதலில் கவனிக்க வேண்டியது விரலியே அன்று என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய டேவிஸ் வான்டேஜ் புரோ 2 கருவியின் கன்சோலில், அதாவது அளவுகளைக் காட்டும் திரைப்பெட்டியில், செருகியிருக்கும் பதிவிக்குத் தனி நினைவகம் உண்டு. அதில் 2,560 பதிவுகள் தங்கும். நாம் 5 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று வைத்திருப்பதால், அது ஒன்பது நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கே போதும். அதற்குப் பிறகு வரும் பதிவுகள் மிகப் பழையவற்றின்மீது ஏறிவிடும். பழுதான விரலி மேசை இழுப்பறையில் சில வாரங்கள் காத்திருக்கும், பதிவி காத்திருக்காது. ஆகவே வேறொரு வட்டில் வீவெக்ஸை நிறுவி, வெறுமையான தரவுத்தளத்தோடு ஓடவிட்டேன். அது பதிவியில் இருந்த அனைத்தையும் தானாகவே இறக்கிக்கொண்டது. மின்சாரம் போன அந்த மாலையும் அதற்கு முந்தைய சில நாள்களும் இவ்வழியில் ஒரு பதிவு குறையாமல் கிடைத்துவிட்டன. அதன்பிறகே விரலியைக் கையில் எடுத்தேன்.

விரலிக்குள் இருப்பது நேண்ட் வகை ஃபிளாஷ் சில்லும் அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லும். (இந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுத் தொழிலில் பெயர் பெற்ற பைசன் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான புவா கெயின் செங், நம் சிலாங்கூர் மாநிலத்துச் செக்கிஞ்சானில் பிறந்தவர். பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.) ஃபிளாஷ் நினைவகத்தில் சிறிதளவு தரவை மாற்றுவதானாலும் பெரிய தொகுதி ஒன்றையே அழித்து எழுத வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு கலமும் குறிப்பிட்ட தடவைகளுக்குமேல் அழிப்பைத் தாங்காது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை சில நூறு பைட்டுகளை, ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை, வெயில் ஏறிய பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருந்தால் சாதாரண விரலி தேய்ந்துபோவதில் வியப்பில்லை. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரமும் நின்றுவிட்டால், கட்டுப்பாட்டுச் சில்லு தன் உள்கணக்கையே குழப்பிக்கொள்ளக்கூடும்.

நகலெடுக்க குனு டிடிரெஸ்கியூ என்னும் மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தினேன். சாதாரண நகல் கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். இது சேதமான இடங்களைத் தாண்டிச் சென்று, எளிதில் வாசிக்கக்கூடியவற்றை முதலில் அள்ளிக்கொண்டு, அதன்பின் திரும்பி வந்து கடினமான இடங்களைச் சிறிது சிறிதாக முயல்கிறது. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதையெல்லாம் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த வசதி இல்லாவிட்டால் நான் கைவிட்டிருப்பேன். ஏனெனில் விரலி சிறிது நேரம் வாசித்ததும் சூடேறி, கணினியின் கண்ணிலிருந்தே மறைந்துவிடும். பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடியும் செருகும்போது லினக்ஸ் அதற்கு வேறு பெயர் சூட்டிவிடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் பெயரைச் சரிபார்த்த பின்னரே கட்டளையைக் கொடுத்தேன். இப்படிப் பொறுமையாக நகர்ந்ததில், சில துண்டுகள் நீங்கலாக முழு விரலியின் பிம்பமும், அதாவது அதன் அச்சு நகலும், ஒரே கோப்பாக என் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் நான் விரலியைத் தொடவே இல்லை.

பிம்பத்தைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். விரலியில் இருந்த எக்ஸ்ட்4 என்னும் லினக்ஸ் கோப்பு முறைமையை வழக்கம்போல் திறந்தால், அது முடிவடையாத மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டை ஓட்டிப் பார்த்துச் சிலவற்றை மாற்றி எழுதிவிடும். ஆகவே வாசிப்புக்கு மட்டும், பதிவேட்டையும் ஓட்டாதே என்ற விருப்பத்தோடு திறந்தேன். தரவுத்தளக் கோப்போடு ஜர்னல் என்று முடியும் இன்னொரு கோப்பும் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தேவையற்றதென்று எண்ணி விட்டுவிடக் கூடாது. முடிவடையாமல் நின்ற எழுத்தைப் பின்னோக்கித் திருப்ப, வீவெக்ஸ் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூலைட்டுக்கு அது தேவை. இரண்டையும் சேர்த்தே எடுத்தேன். அப்படியும் தரவுத்தளம் சிதைந்திருக்கிறது என்றே சோதனை சொல்லிற்று. எஸ்க்யூலைட்டின் ரெக்கவர் கட்டளை, கோப்பின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, உயிரோடிருக்கும் வரிசைகளைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தது. வீவெக்ஸின் நாள் சுருக்க அட்டவணைகளை மூலப் பதிவுகளிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடியும் கட்டிக்கொள்ளலாம் என்பதால், மூல அட்டவணை ஒன்றையே காப்பாற்றினேன்.

மீண்டு வந்த வரிசைகள் எல்லாம் உண்மையானவைதாமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. இதைச் சோதிக்க நம் கருவியின் அமைப்பே துணைசெய்தது. ஒவ்வொரு பதிவின் நேரமும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளாக இருக்கிறது; 5 நிமிடப் பதிவு என்பதால் அந்த எண் 300ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். மழைக்கு இன்னும் கூர்மையான சோதனை உண்டு. மழைமானிக்குள் இருக்கும் சிறு வாளி 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழ்கிறது. வீவெக்ஸ் அதை அங்குலமாக மாற்றிச் சேமிப்பதால் ஒரு கவிழ்ப்பின் அளவு 0.00787 ஆகிறது. ஒரு வரிசையில் 0.2441 என்று பார்த்தேன். வகுத்தால் சரியாக 31 கவிழ்ப்பு வருகிறது. அதாவது 5 நிமிடத்தில் 6.2 மில்லிமீட்டர். நல்ல இடிமழையில் அது நடக்கக்கூடியதே. அதே இடத்தில் 0.21 என்று இருந்தால் 26.67 கவிழ்ப்பு ஆகும். வாளி முழுதாகக் கவிழும் அல்லது கவிழாமல் நிற்கும். மூன்றில் இரண்டு பங்குக் கவிழ்ப்பு என்று ஒன்று கிடையாது. இந்தச் சோதனைகளில் தேறாத வரிசைகளைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, கணக்கில் ஆங்காங்கே இடைவெளிகள் இருக்கின்றன. தரவுத்தளக் கோப்பில் ஒரு பக்கம் போனால் அடுத்தடுத்த பல பதிவுகள் சேர்ந்தே போகின்றன. பார்த்த நண்பர் ஒருவர், அந்த இடங்களில் பூஜ்யம் போட்டுவிட்டால் வரைபடம் அழகாக இருக்குமே என்றார். என்னால் அதைச் செய்ய முடியாது. பூஜ்யம் என்றால் வாளி கவிழவில்லை, மழை பெய்யவில்லை என்று நாம் சாட்சி சொல்வதாகும். வெப்பநிலையில் அரைமணி நேரம் விட்டுப்போனால் இரு பக்கத்து எண்களைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். நம் ஊர் மழையை அப்படி ஊகிக்க வழியே இல்லை, ஏனெனில் ஒரு நாளின் மழை முழுவதும் அந்த அரைமணியிலேயே கொட்டித் தீர்ந்திருக்கலாம். மழை போன்ற கூட்டுத்தொகைக்கு, மாதத்தில் ஒரு நாள் விட்டுப்போனாலும் மாதத் தொகையைக் கணக்கிட வேண்டாம் என்றே உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்கிறது. செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் நம்மிடம் வந்து மழை அளவு கேட்கிறார்கள். வறட்சி மரத்தைத் தாக்கினால் பெண் பூக்கள் குறைந்து, அதன் விளைவு ஏறத்தாழ 2 ஆண்டு கழித்துக் குலைகளில் தெரிகிறது. அன்றைக்குத் திரும்பிப் பார்ப்பவருக்குப் பொய்யான பூஜ்யத்தைக் காட்டுவதைவிட வெற்றிடத்தைக் காட்டுவதே நேர்மை.

ஆனால் வெற்றிடத்துக்குள் எவ்வளவு பெய்தது என்பதை ஓரளவு அறிய முடிகிறது. கன்சோல் தன் வரைபடத்துக்காக மாத மழைத் தொகைகளைத் தனியே வைத்திருக்கிறது. அதிலிருந்து நம்மிடம் மீண்ட பதிவுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால், விடுபட்ட மழையின் அளவு கிடைக்கிறது. எந்த நாளில், எந்த மணியில் பெய்தது என்பதுதான் தெரியவில்லை.

உன் தம்பி வேலை செய்யும் தோட்ட அலுவலகத்தில் இன்றும் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறார்கள் என்று சொல்லியிருந்தாய். விடுபட்ட தேதிகளைத் தனித்தாளில் எழுதி இக்கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்தத் தேதிகளுக்குரிய பக்கங்களின் படி கிடைத்தால் பேருதவியாக இருக்கும். அவர்கள் எண்ணை நம் கணக்கில் சேர்க்கப் போவதில்லை. இடிமழை ஒரு தோட்டத்தை நனைத்துவிட்டு அடுத்த தோட்டத்தைத் தொடாமலே போவதை நாம் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள். எந்த நாளில் மழை இருந்திருக்கலாம் என்று பக்கக் குறிப்பாக எழுதி வைக்கவே அது தேவை. இப்போது தரவுத்தளம் எஸ்எஸ்டி வட்டில் இருக்கிறது. இரவுதோறும் எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளை அதன் நகலைப் பள்ளிக் கணினியில் சேர்க்கிறது.

பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலும் போதும். ஆனால் ஓரத்தில் கிராணி எழுதியிருக்கும் குறிப்புகளும் தெரியும்படி முழுப் பக்கமாக எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்